கை எட்டாதவர் மேல் காதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மனநல மருத்துவர் இல்லை. குறுக்கே பேசாமல் கேட்பவள் என்ற பெயர் எப்படியோ வந்துவிட்டது, அதனால் இந்த விஷயத்தை என்னிடம் கொண்டு வருகிறவர்கள் அதிகம். வயது வேறு, வேலை வேறு. சந்தேகங்கள் மட்டும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே விதம். நானும் இரண்டரை வருடம் இதே குட்டையில் ஊறியவள்தான். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

கிடைக்காதவர்னா யாரு? கல்யாணம் ஆனவங்க மட்டும்தானா?

இல்லை. இன்னொருவரோடு வாழ்பவர், பழைய உறவு முடிந்தும் மனசால் அதிலிருந்து வெளியே வராதவர், உங்கள் பாலினத்தார் மேல் ஈர்ப்பே வராதவர், உங்களுக்குப் பாடம் நடத்துபவர், வைத்தியம் பார்ப்பவர், வேலையைத் தவிர வேறு எதற்கும் இடம் வைக்காதவர் என்று பல வகை. எல்லாவற்றையும் விடச் சாதாரணமான வகை ஒன்று உண்டு. அவருக்கு ஒரு தடையும் இருக்காது, உங்கள் மேல் விருப்பம் மட்டும் இருக்காது.

இவர்களை நான் வேறு மாதிரி இரண்டாகப் பிரித்துக்கொள்வேன். சிலர் பூட்டிய கதவு. முட்டினால் வலிக்கும், ஆனால் பூட்டு கண்ணுக்குத் தெரியும். மற்றவர்கள் ஒருக்களித்துச் சாத்திய கதவு. உள்ளே வெளிச்சம் தெரியும், யாரும் வந்து திறக்க மாட்டார்கள், மூடவும் மாட்டார்கள். என்னிடம் வருகிற பெரும்பாலோர் இந்த இரண்டாவது கதவின் முன்னால் நிற்பவர்கள்.

ஒருதலைக் காமத்துக்குத் தமிழ் இலக்கணம் கைக்கிளை என்று பெயர் கொடுத்து, ஏழு திணைகளில் ஒன்றாக வைத்தது. குறிஞ்சிக்கும் முல்லைக்கும் நிலம் உண்டு, கைக்கிளைக்குக் கிடையாது. நிற்க இடமில்லாத காதல் என்று நான் அதைப் புரிந்துகொள்வேன். இலக்கணம் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், இது என் சொந்த உரை.

எங்களுக்குள்ள ஒண்ணுமே நடக்கல. ஒரு நாள்கூட சேர்ந்து இருந்ததில்ல. அப்புறம் ஏன் இவ்வளவு வலி?

வெளியே ஒன்றும் நடக்கவில்லை, சரி. உள்ளே? அவரோடு எத்தனை பேச்சுகள் பேசி முடித்திருப்பீர்கள், எத்தனை ஊர் போயிருப்பீர்கள், எந்த வீட்டில் எந்த ஜன்னல் பக்கம் யார் படுப்பது என்பதுவரை முடிவாகியிருக்கும். இழப்பது ஓர் ஆளை மட்டும் என்றால் கணக்கு சுலபம். இங்கே போவது ஒரு முழு எதிர்காலம். அதில் குறை கண்டுபிடிக்கக்கூட வாய்ப்புக் கிடைக்கவில்லை.

இதில் இன்னொரு கொடுமை, அழுவதற்கு உரிமை இல்லாதது. பிரிந்தவருக்கு ஆறுதல் சொல்ல ஆள் வரும். உங்களிடம் “அதான் ஒண்ணுமே இல்லையே” என்பார்கள். கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989-ல், சுற்றியிருப்பவர்கள் துக்கம் என்றே ஒப்புக்கொள்ளாத துக்கத்துக்கு ஒரு தனிப் பெயர் வைத்தார். உரிமை மறுக்கப்பட்ட துக்கம் என்று தமிழில் சொல்லலாம். பெயர் இருப்பதால் வலி குறையாது. ஆனால் ‘எனக்குப் பைத்தியமா’ என்ற கேள்வியை அது நிறுத்தும்.

மூளையும் உங்கள் பக்கம்தான் சாட்சி சொல்கிறது. ஹெலன் ஃபிஷர் என்ற மானுடவியலாளரின் குழுவினர் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், காதலித்தவரால் கைவிடப்பட்டும் காதல் குறையாத 15 பேருக்கு அந்த ஆளின் படத்தைக் காட்டி ஸ்கேன் எடுத்தார்கள். போதைப்பொருள் ஏக்கத்தோடு தொடர்புடைய பகுதிகள் அப்போது சுறுசுறுப்பாக இருந்தன. அந்த 15 பேரும் ஒருகாலத்தில் உறவில் இருந்தவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் ‘விட்டுத் தொலை’ என்று அடுத்தவர் சொல்வதால் இது விடுகிற சமாச்சாரம் இல்லை என்று காட்ட அது போதும்.

நெஞ்சு நிஜமாவே வலிக்குது. இது மனசுதானே?

பெரும்பாலும் மனச்சுமைதான் உடம்பில் இறங்குகிறது. தொண்டை அடைப்பு, வயிற்றில் பிசைவு, மார்பில் பாரம் எல்லாம் வரும். ஆனால் நீங்களாகவே முடிவு கட்ட வேண்டாம். கடும் மன அதிர்ச்சியில் இதயத்தின் இடது கீழறை தற்காலிகமாக உப்பிப் பலவீனமாகும் நிலை ஒன்று உண்டு. 1990-ல் ஜப்பானிய மருத்துவர்கள் அதற்கு டகோட்சுபோ என்று பெயர் வைத்தார்கள். ஆக்டோபஸ் பிடிக்கிற ஜாடிக்கு அங்கே அதுதான் பெயர், அறையின் வடிவம் அப்படி ஆகிவிடுகிறதாம். பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். மாரடைப்பா இதுவா என்று வீட்டிலிருந்து சொல்ல யாராலும் முடியாது. மூச்சுத் திணறலோடு மார்பு வலித்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், காதல் பிறகு.

இது காதலா, இல்ல வெறும் மோகமா? எப்படிக் கண்டுபிடிக்கறது?

டாரதி டென்னோவ் என்ற உளவியலாளர் நூற்றுக்கணக்கானவர்களிடம் விசாரித்து 1979-ல் இந்த நிலைக்கு லிமரன்ஸ் என்று பெயரிட்டார். கேட்காமலே வந்து குந்திக்கொள்ளும் நினைப்பு, அவரும் நம்மை நினைக்க வேண்டும் என்ற தாகம், ஒரு சின்னச் செய்கைக்கு வானத்தில் பறப்பது, பதில் வராவிட்டால் பாதாளம், அவர் குறைகளைக்கூட அழகாகப் பார்ப்பது ஆகியவை இதன் அடையாளங்கள். டென்னோவ் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. இந்த நெருப்புக்குப் போடுகிற விறகு நம்பிக்கையும் நிச்சயமின்மையும் கலந்த கலவை. பதில் உறுதியான ‘ஆம்’ ஆனாலும் இது தணிகிறது, உறுதியான ‘இல்லை’ ஆனாலும் தணிகிறது. நடுவில் தொங்கினால்தான் எரிகிறது.

காதலா மோகமா என்ற கேள்விக்கு என்னிடம் ஒரு எளிய சோதனை உண்டு. அவருக்குப் பல்வலி வந்த நாள், எரிந்து விழுந்த நாள், பொய் சொன்ன நாள் உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் நீங்கள் நேசிப்பதில் பாதி ஆள் உங்கள் கைவண்ணம். அதில் கேவலம் ஒன்றும் இல்லை, எல்லாக் காதலும் அப்படித்தான் தொடங்குகிறது. கிடைத்தவர் விஷயத்தில் பழகப் பழக அந்தப் பாதி உதிர்ந்துவிடும். கிடைக்காதவர் விஷயத்தில் அது உதிர வழியே இல்லை.

ஒரு நாள் விடிய விடிய பேசறான். அப்புறம் பத்து நாள் ஆளையே காணோம். என்ன அர்த்தம்?

அவர் மனதில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல முடியும். ஸ்கின்னர், ஃபெர்ஸ்டர் என்ற உளவியலாளர்கள் சேர்ந்து புறாக்களை வைத்துச் செய்த ஆய்வுகளை 1957-ல் வெளியிட்டார்கள். பொத்தானைக் கொத்தினால் தானியம் விழும். சில புறாக்களுக்கு எண்ணி வைத்த மாதிரி குறிப்பிட்ட கொத்துக்கு ஒருமுறை விழுந்தது. வேறு சிலவற்றுக்கு எப்போது விழும் என்றே சொல்ல முடியாதபடி, சில சமயம் மூன்றாவது கொத்தில், சில சமயம் நூறாவதில் விழுந்தது. இரண்டாவது கூட்டம் ஓயாமல் கொத்தியது. தானியத்தை அடியோடு நிறுத்திய பிறகும் லேசில் விடவில்லை. சூதாட்ட இயந்திரங்களும் இதே கணக்கில்தான் ஓடுகின்றன.

விடிய விடியப் பேசின அந்த இரவுதான் தானியம். பத்து நாள் மௌனம் உங்களை விலக்காது, அடுத்த தானியத்துக்கு இன்னும் வெறியாகக் கொத்த வைக்கும். அவர் தினமும் பேசியிருந்தால் இவ்வளவு பைத்தியம் பிடித்திருக்காது, ஒருநாளும் பேசாதிருந்தால் இரண்டே மாதத்தில் மறந்திருப்பீர்கள். ஆக, தவிப்பின் அளவை வைத்துக் காதலின் ஆழத்தை அளக்காதீர்கள். தவிப்பு அந்த ஒழுங்கற்ற இடைவெளியிலிருந்து வருகிறது.

அவர் வேண்டுமென்றே செய்கிறாரா? பெரும்பாலும் இல்லை என்றே நினைக்கிறேன். தனிமை தாங்காத இரவில் கூப்பிடுகிறார், விடிந்ததும் பயம் வந்துவிடுகிறது. ஆனால் தெரியாமல் மிதித்தாலும் கால் கால்தான்.

அவர் மனசுலயும் இருக்கு. சொல்ல முடியாம தவிக்கிறார்னு எனக்குத் தோணுது. தப்பா தோணுமா?

தோன்றலாம், அதுவும் நன்றாகவே. பாமெய்ஸ்டர், வோட்மன், ஸ்டில்வெல் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1993-ல் ஒருதலைக் காதலின் இரு தரப்புக் கதைகளையும் எழுத வைத்து ஒப்பிட்டார்கள். விரும்பியவர்கள் பக்கம் மூன்று நம்பிக்கைகள் தொடர்ந்து வந்தன: ஈர்ப்பு இரண்டு பக்கமும் இருந்தது, அவர் எனக்கு ஆசை காட்டினார், முடியாது என்று தெளிவாக ஒருபோதும் சொல்லவில்லை. மறுத்தவர்கள் எழுதிய கதைகளில் இந்த மூன்றும் அந்த அளவுக்கு இல்லை. இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. ஒரே நிகழ்ச்சியின் இரண்டு படங்கள் அவை.

நான் செய்ததைச் சொல்கிறேன். ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டேன். இடப்பக்கம் அவர் வாயால் சொன்னது, கையால் செய்தது மட்டும். வலப்பக்கம் அதற்கு நான் கொடுத்த பொருள். இரண்டரை வருடத்துக்கு இடப்பக்கம் பதினோரு வரி தேறியது. வலப்பக்கம் நோட்டே போதவில்லை. “பஸ்ல போறியா, பாத்துப் போ” என்ற ஒரு வரிக்கு நாலு பக்கம் உரை எழுதியிருந்தேன். அன்றைக்குச் சிரித்தேன், அப்புறம் வெகுநேரம் அழுதேன்.

ஒருவேளை நிஜமாகவே அவர் மனதில் இருக்கலாம். இருந்து என்ன? சொல்லவும் வரவும் முடியாத விருப்பம் உங்கள் வாழ்க்கையில் இல்லாத விருப்பம் மாதிரிதான் நடந்துகொள்ளும்.

சொல்லிடலாமா? சொல்லாம வச்சுக்கிட்டா வெடிச்சிடுவேன் போல.

அவர் தனி ஆள், உங்கள் மேல் அவருக்கோ அவர் மேல் உங்களுக்கோ அதிகாரம் இல்லை, ‘இல்லை’ என்றாலும் அவர் நாளை உங்களைப் பார்த்து நடுங்க வேண்டியதில்லை என்றால் சொல்லலாம். சுருக்கமாக, ஒரே ஒருமுறை. கடிதமாக இருபது பக்கம் வேண்டாம், நள்ளிரவில் வேண்டாம். “எனக்கு உங்களைப் பிடித்திருக்கிறது. உங்களுக்கும் அப்படி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். இல்லையென்றால் நேராகச் சொல்லுங்கள், நான் தாங்கிக்கொள்வேன்” என்று சொன்னால் போதும். கடைசி வாக்கியத்தை விடாதீர்கள். பலர் மழுப்புவது உங்களை உடைத்துவிடுவோமோ என்ற பயத்தில்தான்.

அவருக்குக் கீழே வேலை செய்கிறவர் நீங்கள் அல்லது உங்களுக்குக் கீழே அவர் என்றால் சொல்ல வேண்டாம். கல்யாணமானவரிடம் ‘பாரத்தை இறக்கிவைக்க’ மட்டும் சொல்வதும் நியாயம் இல்லை. உங்கள் தலைச்சுமை அவர் தலைக்கு மாறும், அவ்வளவுதான். அதை ஒரு நம்பிக்கையான தோழியிடம் இறக்குங்கள்.

சொல்வதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். ‘யோசிக்கணும்’, ‘இப்போ முடியாது’, ‘நீ ரொம்ப நல்லவ’ என்ற பதில்களை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? இவற்றை ‘இல்லை’ என்று எண்ணத் தயாராக இருந்தால் மட்டும் வாயைத் திறங்கள்.

சொன்னேன். ‘உன் நட்பை இழக்க விரும்பல’ன்னா. நட்பாவே இருக்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். அவள் கேட்பது உண்மையான நட்பாகவே இருக்கலாம். நீங்கள் கொடுக்கப்போவது நட்பு இல்லையே. வேஷம் போட்டுக் காத்திருப்பீர்கள். அவளுக்கு இன்னொருவரைப் பிடித்துப்போய், உங்களிடமே வந்து சந்தோஷமாகச் சொல்லும் நாளை நினைத்துப் பாருங்கள். அந்த நிமிஷம் உங்களால் முழு மனதோடு மகிழ முடிந்தால் நட்பு சாத்தியம். வயிறு எரிந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. “எனக்குக் கொஞ்ச காலம் வேண்டும், சரியானதும் நானே பேசுகிறேன்” என்று சொல்லிவிட்டு விலகுவது நட்புக்குத் துரோகம் ஆகாது.

காத்திருந்து காட்டினா மனசு மாறும்ல? உண்மையான அன்பு தோக்காதுன்னு சொல்வாங்களே.

தோற்கும். தினமும் தோற்கிறது.

அன்பின் அளவுக்கும் அடுத்தவர் விருப்பத்துக்கும் நடுவே குழாய் எதுவும் போடப்படவில்லை. மேலே சொன்ன 1993 ஆய்வில், மறுத்தவர்களில் பலர் விடாமல் துரத்தப்பட்டதைத் தொல்லையாகவும் ஊடுருவலாகவும் எழுதியிருந்தார்கள், கூடவே புண்படுத்திவிட்டோமே என்ற குற்ற உணர்வும் இருந்தது. நீங்கள் தவம் என்று நினைப்பது எதிர்ப்பக்கத்திலிருந்து முற்றுகையாகத் தெரியலாம். பழைய இலக்கியத்தில் மடலேறுவேன் என்று தலைவன் மிரட்டுவான், பனங்கருக்கில் குதிரை செய்து ஏறி ஊரறியத் தன்னை வருத்திக்கொள்வான். பாட்டில் படிக்க அழகு. நேரில் அது மிரட்டல்.

‘இல்லை’ என்று கேட்ட பிறகு வீட்டு வாசலில் நிற்பது, வேறு நம்பரிலிருந்து கூப்பிடுவது, நண்பர்களைத் தூது விடுவது, செத்துப்போவேன் என்று சொல்வது எதுவும் காதல் கணக்கில் வராது. இதில் நான் கறார்.

கல்யாணமானவர். ‘சீக்கிரம் பிரிஞ்சு வந்துடுவேன்’னு மூணு வருஷமா சொல்றார். நம்பலாமா?

முதல் வருடம் சொன்னதையும் மூன்றாம் வருடம் சொல்வதையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். நடுவில் அவர் என்ன செய்தார்? வக்கீலைப் பார்த்தாரா, தனி வீடு பார்த்தாரா, தன் மனைவியிடம் ஒரு வார்த்தையாவது பேசினாரா? சொல் அப்படியே இருந்து, காரணம் மட்டும் மாறிக்கொண்டே போனால் (பிள்ளையின் பரீட்சை, அம்மாவின் உடம்பு, வீட்டுக் கடன்) அது திட்டம் இல்லை, ஆறுதல் வார்த்தை. உங்களுக்கு மட்டும் அல்ல, அவருக்கே அவர் சொல்லிக்கொள்வது.

அவர் உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. பலர் மனதாரத்தான் சொல்கிறார்கள். அவருடைய இன்றைய ஏற்பாட்டில் இரண்டு வீட்டிலிருந்தும் அவருக்குத் தேவையானது கிடைக்கிறது என்பதுதான் சிக்கல். பொறுக்க முடியாத ஏற்பாட்டை மனிதர்கள் மாற்றுவார்கள், பொறுக்க முடிந்ததை இழுத்துக்கொண்டே போவார்கள். நீங்கள் அழுது, சமாதானமாகி, மறுபடி காத்திருப்பது அந்த ஏற்பாட்டைப் பொறுக்கத்தக்கதாக்குகிறது. கடுமையாக இருக்கிறது, தெரியும்.

கெடு வைக்கலாமா என்று அடுத்து கேட்பார்கள். வைக்கலாம், அவரை மிரட்ட இல்லாமல் உங்களுக்காக. அவரிடம் சொல்லக்கூட வேண்டாம். ஒரு தேதியை எழுதி வையுங்கள், ஒரு தோழியிடம் காட்டுங்கள். அந்தத் தேதியில் எதுவும் நகர்ந்திருக்காவிட்டால் நீங்கள் நகருங்கள். அந்த இன்னொரு வீட்டிலும் ஓர் ஆள் எதுவும் தெரியாமல் காத்திருக்கிறார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழி போடச் சொல்லவில்லை, கதையில் அவரையும் சேர்த்துக்கொண்டால் படம் தெளிவாகும்.

அவ ஸ்டேட்டஸ பாக்காம இருக்க முடியல. கடைசியா எப்ப ஆன்லைன்ல இருந்தான்னு பாத்துட்டே இருக்கேன்.

புறாவும் பொத்தானும் இங்கே கைக்குள்ளேயே வந்துவிட்டன. மேலே படித்ததுதான்.

‘பார்க்கவே கூடாது, நினைக்கவே கூடாது’ என்று சபதம் போடாதீர்கள். டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987-ல் சிலரை ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காமல் இருக்கச் சொன்னார், நினைத்தால் மணி அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தடையை மனதுக்குப் போடாமல் விரலுக்குப் போடுங்கள். அவள் பெயரை மியூட் செய்யுங்கள், உரையாடலைக் கண்ணில் படாத இடத்துக்கு நகர்த்துங்கள், ராத்திரி போனை வேறு அறையில் வையுங்கள். பிளாக் செய்தே ஆக வேண்டும் என்பதில்லை, சிலருக்கு அதுவே ஒரு நாடகமாகி, திறப்பதும் மூடுவதுமாக இன்னொரு விளையாட்டு ஆரம்பித்துவிடும். நினைப்பு வந்தால் வரட்டும், அதற்கு நாற்காலி போடாமல் இருந்தால் போதும்.

தினமும் ஆபீஸ்ல மூஞ்சிய பாக்கணும். விலகறதுன்னா எப்படி விலகறது?

முழுக்க முடியாது. வேலைப் பேச்சை வேலை நேரத்தில், முடிந்தவரை மெயிலில் வைத்துக்கொள்ளுங்கள். கூட டீ குடிக்கப் போவது, வண்டியில் கொண்டுவிடுவது, ராத்திரி மெசேஜ் ஆகிய மூன்றையும் வெட்டினாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம், முறைப்பும் ஒரு வகைப் பேச்சுதான். சில மாதம் முயன்றும் தூக்கம், வேலை இரண்டும் கெட்டுப்போனால் பிரிவு மாற்றமோ வேறு வேலையோ தேடுவது ஓடிப்போவது ஆகாது.

மறக்க எத்தனை நாளாகும்?

டென்னோவ் கணக்குப்படி லிமரன்ஸ் சராசரியாக ஒன்றரையிலிருந்து மூன்று வருடம் நீடிக்கலாம். தேதி குறித்துக்கொள்ள வேண்டாம், ஒருக்களித்த கதவின் முன்னால் நின்றால் அது இன்னும் நீளும். ஃபிஷர் குழு செய்த அந்த ஸ்கேன் ஆய்விலேயே ஒரு நல்ல சேதி உண்டு. பிரிந்து நாள் ஆக ஆக, பிணைப்போடு தொடர்புடைய ஒரு பகுதியின் சுறுசுறுப்பு குறைவாக இருந்தது. காலம் வேலை செய்கிறது, நீங்கள் ஒவ்வொரு வாரமும் கடிகாரத்தைப் பின்னால் திருப்பாமல் இருந்தால்.

மறப்பதை இலக்காக வைப்பதே தவறு என்பது என் கட்சி. எனக்கு இன்றும் அவர் செருப்புச் சத்தம் ஞாபகம் இருக்கிறது. நின்றுபோனது காத்திருப்பு. நேசத்தை விடச் சொன்னால் யாராலும் முடிவதில்லை. காத்திருப்பதை விடச் சொன்னால் முடிகிறது, ஏனென்றால் அது செய்கைகளால் ஆனது: போனைப் பார்ப்பது, வார இறுதியைக் காலியாக வைப்பது, அவருக்குப் பிடித்த நிறத்தில் உடுத்துவது, ‘அவர் வந்தால்’ என்று ஊர் மாறாமல் இருப்பது. இவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தலாம். நேசம் வேலையில்லாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும், பரவாயில்லை.

எனக்கு மட்டும் ஏன் எப்பவும் கிடைக்காதவங்களையே பிடிக்குது?

ஒருமுறை நடந்தால் அது விபத்து. அதற்குக் குழந்தைப் பருவத்தைத் தோண்ட வேண்டாம். மூன்று நான்கு முறை என்றால் பார்க்கலாம். சிண்டி ஹசன், ஃபிலிப் ஷேவர் என்ற உளவியலாளர்கள் 1987-ல், குழந்தைகள் வளர்ப்பவரோடு பிணையும் விதங்களைப் பெரியவர்களின் காதலில் தேடினார்கள். நெருக்கத்தில் நிம்மதியாக இருப்பவர்கள், விட்டுப்போய்விடுவார்களோ என்று பதறிப் பிடித்துக்கொள்பவர்கள், நெருங்கினால் மூச்சு முட்டுகிறவர்கள் என்று மூன்று விதம். பதறுகிறவருக்குத் தள்ளி நிற்பவர் மேல் ஈர்ப்பு வருவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அன்பு என்றால் துரத்திப் பெறுவது என்று ஒருமுறை பழகிவிட்டால், துரத்தாமல் வருகிற அன்பு சப்பென்று இருக்கும்.

சிலரிடம் நான் இன்னொன்றும் கேட்பதுண்டு, கோபப்படுவார்கள். அவர் நாளைக்கே பெட்டியோடு வந்து நின்றால் உங்களுக்குச் சந்தோஷமா, பயமா? பயம் என்றால், கிடைக்காதவரைத் தேர்ந்தெடுத்து உங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள். கை எட்டாதவர் உங்களை முழுதாகப் பார்க்கவும் முடியாது, பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லவும் முடியாது.

வேற ஒருத்தர் என்னை உயிரா விரும்பறார். அவரோட சேர்ந்துட்டா இது போயிடுமா?

அவரை மருந்தாகப் பயன்படுத்தினால் இரண்டு பேர் நோயாளி ஆவீர்கள். அவரைத் தனியாக, அவருக்காகவே பிடிக்க ஆரம்பித்தால் விஷயம் வேறு. அதற்குப் பழையது முழுக்க ஆறியிருக்க வேண்டும் என்பதில்லை. முதல் சில மாதங்களில் ஒப்பிடுவீர்கள், அது இயல்பு. ஒரு வருடம் கழித்தும் ஒப்பிட்டுக்கொண்டே இருந்தால் அவரை விட்டுவிடுங்கள். அவரும் கை எட்டாத ஒருவரைக் காதலிக்கிறவராக ஆகிக்கொண்டிருக்கிறார், அந்தக் கை எட்டாதவர் நீங்கள்.

எனக்கே கல்யாணம் ஆயிடுச்சு. வீட்டுக்காரர் நல்லவர். ஆனா வேற ஒருத்தர் மேல மனசு போயிடுச்சு. நான் கெட்டவளா?

மனசு போனதற்கு யாரும் கெட்டவர் ஆக மாட்டார்கள். செய்வதில்தான் நல்லது கெட்டது. இங்கே கிடைக்காத ஆள் நீங்களே. ஒருக்களித்த கதவைப் பற்றி மேலே சொன்னதை எதிர்ப்பக்கமிருந்து படியுங்கள், அந்த இன்னொருவருக்கு நீங்கள் அப்படி ஒரு கதவாக நிற்கிறீர்களா என்று பாருங்கள்.

அப்புறம், அவரிடம் பேசும்போது நீங்கள் எந்த ஆளாக மாறுகிறீர்கள் என்று கவனியுங்கள். சிரிப்பா, கேட்கப்படுகிற நிம்மதியா, பழைய படிப்பு பற்றிய பேச்சா? பல சமயம் ஏங்குவது அந்தப் பழைய நீங்களுக்காக. அது வீட்டிலேயே கிடைக்குமா, தனியாகக் கிடைக்குமா என்று பார்க்கலாம். கல்யாணமே உள்ளே செத்துப்போயிருந்தால் அதை அதன் பெயரிலேயே பேசி முடிவெடுங்கள். இன்னொருவரைப் பாலமாகப் போட்டு நடந்து போக வேண்டாம்.

என்னை ஒருத்தர் இப்படி விரும்பறார். எனக்கு அப்படி இல்ல. எப்படிச் சொல்றது?

இதைக் கேட்கிறவர்கள் குறைவு, கேட்டால் எனக்கு மரியாதை கூடும். தெளிவாக, ஒரே தடவை, காரணம் அடுக்காமல் சொல்லுங்கள். “இப்போ வேலை அதிகம்” என்றால் வேலை குறையும்வரை காத்திருப்பார். “உங்கள் மேல் எனக்கு அப்படி ஓர் எண்ணம் வரவில்லை, வராது” என்பது கொடூரம் மாதிரி இருக்கும், அதுதான் கருணை. சொன்ன பிறகு இரக்கப்பட்டு ராத்திரி போன் செய்து ‘நல்லா இருக்கியா’ என்று விசாரிக்காதீர்கள். தானியம் போட்ட கதை ஆகிவிடும்.

இதுக்கு மேல வாழ வேண்டாம்னு தோணுது.

இதைப் படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு, இப்போதே பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் இதே வார்த்தையைச் சொல்லுங்கள். யாரும் இல்லையென்றால் உங்கள் நாட்டுத் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அவசர எண்ணையோ கூப்பிடுங்கள். காரணம் காதல் என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம், அவர்கள் தினமும் கேட்பதுதான். எண்ணம் தெளிவான திட்டமாக மாறியிருந்தால் தனியாக இருக்காதீர்கள். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். காதலுக்குக் கீழே மனச்சோர்வு நோய் இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு.

நான் எல்லாத்தையும் விட்டு வெளிய வந்த பிறகு, அவரே வந்து ‘இப்ப நான் ஃப்ரீ’ன்னு நின்னா?

நடக்கும். நீங்கள் பொத்தானைக் கொத்துவதை நிறுத்தியதும் தானியம் விழும் அதிசயம் அடிக்கடி நடக்கிறது. உடனே ஆமாம் சொல்ல வேண்டாம், உடனே இல்லை என்றும் சொல்ல வேண்டாம். ஃப்ரீ என்றால் என்ன என்று கேளுங்கள்: பிரிந்து முடிந்ததா, பிரியப்போகிறாரா, அன்றைக்குச் சண்டையா? முடிந்தது என்றால், பகலில், பொது இடத்தில், சும்மா நாலைந்து முறை சந்தியுங்கள். நெருக்கடியும் ரகசியமும் இல்லாத சாதாரண நாளில் அவர் எப்படி இருக்கிறார் என்று உங்களுக்கு இதுவரை தெரியாது.

எனக்கு அது நடந்தது. போன் வந்ததும் கை நடுங்கியது, பொய் சொல்ல மாட்டேன். மதியம் சாப்பிடப் போனோம். அவர் தன் காரின் இன்சூரன்ஸ் க்ளெய்ம் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். சர்வேயர் என்ன சொன்னான், இவர் என்ன திருப்பிச் சொன்னார், எந்தப் படிவத்தை மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று ஒன்றுவிடாமல். இரண்டரை வருடம் ஒரு வரிக்கு நாலு பக்கம் உரை எழுதியவள், அந்தப் பேச்சுக்கு நடுவில் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். நல்ல மனிதர்தான். பில்லைப் பாதிப் பாதி கொடுத்துவிட்டு, அவரவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.